புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை: ஊசியா, அறுவை சிகிச்சையா? பாம்பனிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

பாம்பனைச் சேர்ந்த ஒரு தம்பி தன் தந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தந்தைக்கு வயது 66, நாட்டுப்படகில் தொழில் செய்கிறவர். சிறுநீர் தடைப்பட்டும் இடுப்பு வலித்தும் சோதித்துப் பார்த்ததில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவான பிஎஸ்ஏ 180 என்று வந்திருக்கிறது. பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனையில் புரோஸ்டேட் புற்றுநோய் உறுதியாகி, எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் பரவல் தெரிந்திருக்கிறது. மதுரையில் பார்த்த மருத்துவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடலாம் அல்லது இரு விதைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம், எதுவானாலும் கூடவே அபிராடெரோன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டில் எது நல்லது, இதனால் குணமாகுமா, அப்பா மறுபடி கடலுக்குப் போக முடியுமா, உடம்பு பெண்போல ஆகிவிடும் என்கிறார்களே அது உண்மையா என்பவை தம்பியின் கேள்விகள். அப்பாவிடம் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எலும்புக்குப் பரவிய நிலையில் இந்தச் சிகிச்சை நோயை வேரோடு நீக்குவதில்லை. ஆனால் அடக்கி வைக்கிறது, பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கிறது. ஊசியும் அறுவை சிகிச்சையும் செய்து முடிக்கும் வேலை ஒன்றுதான், நோயைக் கட்டுப்படுத்துவதில் ஒன்று மற்றொன்றுக்குக் குறைந்ததில்லை. எனவே எது வலிமையானது என்று கேட்பதைவிட, உங்கள் தந்தையின் தொழிலுக்கும் போக்குவரத்துக்கும் மனத்துக்கும் எது இடைவெளி விழாமல் நடக்கும் என்று கேட்பதே சரி. இந்தக் கரையோரத்து நோயாளிகளை நெடுங்காலம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே சிகிச்சை பலிக்காமல் போவதற்கு மருந்தின் குறையைவிடத் தேதி தவறிய ஊசிகளே பெரிய காரணமாக இருந்திருக்கின்றன.

புரோஸ்டேட் செல்கள் வளர்வதற்கு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். அந்தச் செல்லில் பிறந்த புற்றுநோயும், எலும்புக்குப் போய்க் குடியேறிய பிறகுகூட, பெரும்பாலும் அதே ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற தம் சகாவுடன் சேர்ந்து, விதைகளை நீக்கினால் பரவிய நோயும் பின்வாங்குகிறது என்பதை 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடலின் டெஸ்டோஸ்டீரோனில் 90 முதல் 95 விழுக்காடு விதைகளில் சுரக்கிறது, எஞ்சிய சிறு பங்குக்குச் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளே மூலம். இந்தச் சிறு பங்கை நினைவில் வையுங்கள், அபிராடெரோன் ஏன் வேண்டும் என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

விதைகள் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு அனுப்பும் ஒரு சமிக்ஞையால் பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, அது அனுப்பும் ஹார்மோனால் விதைகள் இயங்குகின்றன. லூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரெலின் ஆகிய ஊசிகள் அந்தச் சமிக்ஞையின் நகல்கள். விட்டு விட்டு வர வேண்டியது இடைவிடாமல் வந்துகொண்டே இருப்பதால், ஓயாமல் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் காதில் வாங்குவதை விட்டுவிடுவதுபோல, பிட்யூட்டரி செயலற்றுப் போகிறது. டெஸ்டோஸ்டீரோன் மூன்று நான்கு வாரங்களில் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்குகிறது.

ஆனால் அந்த முதல் நாட்களில், பிட்யூட்டரி ஓய்வதற்கு முன், டெஸ்டோஸ்டீரோன் வழக்கத்துக்கு மேல் எகிறும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு இது விளையாட்டான விஷயமில்லை. கட்டி சற்றே வீங்கி முதுகுத்தண்டை அழுத்தினால் கால்கள் செயலிழக்கக்கூடும், சிறுநீர் முழுவதும் அடைத்துக்கொள்ளவும் கூடும். அதனால்தான் இவ்வகை ஊசிக்குச் சில நாட்கள் முன்போ, அதோடு சேர்த்தோ பைகாலுடமைடு மாத்திரையைத் தொடங்கிச் சில வாரங்கள் தொடரச் சொல்வார்கள். அது ஹார்மோனைக் குறைப்பதில்லை, செல்லுக்குள் போய் ஒட்டவிடாமல் தடுக்கிறது. உங்கள் தந்தைக்குக் கீழ் முதுகெலும்பில் பரவல் இருப்பதால், முதல் ஊசிக்கு முன் இந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறதா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே ஊசி போடுங்கள். ஊசிக்கு முன்போ பின்போ, எப்போதாயினும், கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, முதுகுவலி திடீரென்று கடுமையாவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து எம்ஆர்ஐ வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கால் முழுதும் விழுந்த பிறகு நடை திரும்புவது அரிது, விழுவதற்கு முன் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நடந்தே வீடு திரும்புகிறார்கள்.

இந்த எகிறல் இல்லாத ஊசியும் இருக்கிறது. டெகாரெலிக்ஸ் என்பது பிட்யூட்டரியை நேரடியாகவே அடைத்துவிடுவதால் சில நாட்களிலேயே ஹார்மோன் இறங்கிவிடும், ஆனால் மாதம் தவறாமல் போட வேண்டும். முதல் தவணை 240 மில்லிகிராம், பிறகு மாதந்தோறும் 80. பாம்பனில் இருப்பவருக்கு மாதாமாதம் பயணம் என்பது எளிதல்ல. அதே வகையில் தினமும் சாப்பிடும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் வந்திருக்கிறது.

இனி அறுவை சிகிச்சை. பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் அரண்டுபோகின்றன, ஆனால் செய்கை அளவில் இது சிறியது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, விதைப்பையில் ஒரு சிறு கீறல் வழியாகச் செய்துவிடுவார்கள், அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். விதைப்பையை எடுப்பதில்லை. மேலுறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சுரக்கும் திசுவை மட்டும் நீக்கும் முறையும் உண்டு, அதில் தொட்டுப் பார்த்தால்கூடப் பை வெறுமையாகத் தோன்றாது. டெஸ்டோஸ்டீரோன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், எகிறல் கிடையாது, தேதி தவறும் பேச்சே கிடையாது, வாழ்நாள் முழுதும் ஊசிச் செலவும் இல்லை. குறை ஒன்றுதான்: திரும்பப் பெற முடியாது. நோய் பரவாமல் புரோஸ்டேட்டுக்குள்ளேயே இருந்து, கதிர்வீச்சுடன் சேர்த்து நான்கு முதல் ஆறு மாதமோ, தீவிரமான வகையானால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டோ மட்டும் ஹார்மோனை அடக்க வேண்டியவர்களுக்கு இதனால்தான் ஊசியே பொருத்தம். உங்கள் தந்தைக்கோ ஹார்மோன் அடக்கம் நிரந்தரமாகத் தேவைப்படுகிறது.

ஊசியைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கு மண்டபம் பக்கத்துப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் ஊசிச் சீட்டை வைத்திருப்பார், அடுத்த தேதி சிவப்பு மையில் எழுதியிருக்கும். அவ்வளவு கவனமானவர். பிஎஸ்ஏ 0.8 வரை இறங்கியிருந்தது. கடலில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையினர் படகைப் பிடித்ததில் வாரக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பினார், சீட்டில் இருந்த தேதி கடந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் சாதாரண ஆணின் அளவை நெருங்கியிருந்தது, பிஎஸ்ஏ 9க்கு ஏறியிருந்தது, தோள்பட்டை எலும்பில் புதிதாக வலி தொடங்கியிருந்தது. ஊசியைத் தொடர்ந்ததும் அளவுகள் மறுபடி இறங்கின என்றாலும், அடுத்த தவணைக்கு வந்தபோது அவரே அறுவை சிகிச்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. புயல் எச்சரிக்கை, திருவிழா, வீட்டுக் கல்யாணம், கையில் பணமில்லாத மாதம் என்று சாதாரணக் காரணங்களே இந்தக் கரையில் போதும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைக்காலத்தில் கூலி நின்றுபோய் ஊசியைத் தள்ளிப்போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆகவே என் கருத்து இது. உங்கள் தந்தை தொழிலுக்குத் திரும்ப விரும்புகிறவர், மதுரை தொலைவு, சிகிச்சையோ நிரந்தரம். இந்த மூன்றும் சேரும்போது அறுவை சிகிச்சையைக் கடைசி வழியாக ஒதுக்காமல் முதல் வழியாகவே எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது, ஊசியும் அதே பயனைத் தரும். அப்போது மூன்று மாதம் என்பதைப் பன்னிரண்டு வாரம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், ஓரிரு நாள் முந்தலாம், பிந்த வேண்டாம். இவற்றில் சில மருந்துகள் வெப்பம் தாங்காதவை. மதுரையில் வாங்கிப் பேருந்தில் வெயிலோடு வெயிலாகக் கொண்டுவருவதாக இருந்தால், எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்று மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோசெரலின் தடித்த ஊசி வழியாக வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கப்படும் சிறு வெண்குச்சி, இதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஊசியோ அறுவையோ எதைச் செய்தாலும் அபிராடெரோன் ஏன்? அட்ரீனலிலும், புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேயும் உண்டாகும் ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்கு. பரவிய, தீவிரமான நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே இதைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பதை 2017இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அவற்றுள் ஒன்றின் இறுதிக் கணக்கில், ஹார்மோன் அடக்கம் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 36.5 மாதம், அபிராடெரோனும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 53.3 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள், உங்கள் தந்தைக்கு இத்தனை மாதம் என்று கணக்கிடுவதற்கான எண் அல்ல. என்சாலுடமைடு, அபலுடமைடு போன்ற மாத்திரைகளும் இதே இடத்தில் பயன்படுகின்றன. பரவல் மிகுதியாக இருந்தால் டோசிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்தைச் சேர்ப்பதும் உண்டு.

அபிராடெரோனைச் சாப்பிடும் நேரம் முக்கியம். வழக்கமான அளவு நாளுக்கு 1000 மில்லிகிராம், அதை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும். உண்டபின் இரண்டு மணிநேரமும், விழுங்கியபின் ஒரு மணிநேரமும் தண்ணீரைத் தவிர எதுவும் ஆகாது. சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறிவிடும். செலவைக் குறைக்க 250 மில்லிகிராமை உணவோடு கொடுக்கும் முறையைச் சில மருத்துவர்கள் கையாள்கிறார்கள், அது அவர்கள் கணக்கிட்டுத் தருவது, வீட்டில் நாமாகச் செய்வதல்ல. விடியலுக்கு முன்பே நீராகாரம் குடித்துவிட்டுப் படகேறுகிறவருக்குக் காலை வேளை ஒத்துவராது. இரவு ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு விழுங்கிப் படுப்பது எளிது. கூடவே தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் உணவுக்குப் பிறகு எடுக்க வேண்டும், அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இந்த மாத்திரைகளால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், பாதம் வீங்கும், கல்லீரல் நொதிகள் உயரலாம். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை தேவைப்படுவது அதனால்தான். நம் வீடுகளில் கருவாடு தினச் சாப்பாடு என்பதை அறிவேன், ஆனால் பாதம் வீங்கி அழுத்தம் ஏறுகிற காலத்தில் கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்திப் பச்சை மீனுக்கு மாறுவதே நல்லது.

பெண்போல ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். குரல் மாறாது, மீசை உதிர்ந்துவிடாது, அவர் அவராகவே இருப்பார். உடல் முடி சற்றுக் குறையலாம், மார்பில் வலியோ சிறு வீக்கமோ வரலாம். பாலுறவில் நாட்டமும் விறைப்பும் பெரும்பாலோருக்கு நின்றுபோகின்றன, இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. உங்கள் தாயாரிடமும் யாராவது மூத்த பெண்மணி வழியாகவோ மருத்துவர் வழியாகவோ இதைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கணவர் விலகிப்போவதாக அவர் தவறாக எண்ணி வருந்துவார். இழந்ததை மீட்பதாகச் சொல்லி விற்கப்படும் வீரிய லேகியங்களை அருகில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஆண் ஹார்மோனைக் கூட்டும் பொருள் கலந்திருந்தால் நாம் இத்தனை பாடுபட்டு அடைத்ததை அது திறந்துவிடும்.

மிகுதியாகத் தொல்லை தருவது உடல் திடீரென்று தகிப்பதுதான். துறையில் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பவருக்குக் கழுத்திலிருந்து முகம்வரை சூடு ஏறி, சட்டை நனைந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேர்த்திருக்காது. காய்ச்சலோ இதயக் கோளாறோ அல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே. சூடான தேநீரையும் காரத்தையும் குறைத்தால் சிலருக்குத் தணியும், தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் மாத்திரைகள் உண்டு.

இதைவிடப் பெரிய இழப்பு வெளியே தெரியாமல் நடக்கிறது. ஹார்மோன் குறைந்ததும் எலும்பின் அடர்த்தி குறைகிறது, தசை கரைந்து வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன, இரத்தசோகை வருகிறது, இதயநோய் அபாயமும் கூடுகிறது. சிகிச்சை தொடங்கும்போதே டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் நிலையை அறிந்துகொள்ளலாம். உணவையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியமும், வைட்டமின் டியும் தேவை. முள்ளோடு தின்னும் நெத்திலி கால்சியத்துக்கு மிக நல்ல உணவு. எலும்பு மிக மெலிந்திருந்தால் சோலிட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி போடுவார்கள், அதற்கு முன் சொத்தைப் பற்களைப் பார்த்து முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இருக்கிறது. பீடி புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்புக்கும் இதயத்துக்கும் அது ஒருசேரக் கேடு.

கடலுக்குப் போவதைப் பற்றி: போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தசை கரையாமல் காப்பதற்கு உடலுழைப்பைப்போல் வேறு மருந்தில்லை, களைப்புக்கும் அதுவே மருந்து. ஆனால் முதுகெலும்பு எந்த அளவுக்கு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை எம்ஆர்ஐயில் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகே படகில் ஏற வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு நங்கூரம் தூக்குவதும் கனத்த வலையை இழுப்பதும் வேண்டாம். வலி அடங்கி பிஎஸ்ஏ இறங்கியபின், கரைக்கருகே, தனியாக அல்லாமல், மகனோ உறவினரோ உடனிருக்கப் போய்வரலாம்.

பிஎஸ்ஏ எவ்வளவு இறங்குகிறது என்பது நல்ல வழிகாட்டி. ஏழெட்டு மாதத்துக்குள் 0.2க்குக் கீழே போனால் நோய் நீண்ட காலம் அடங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். 0.2 வந்துவிட்டது, இனி எதற்கு ஊசி என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி காணும் தவறு, மருந்து இருப்பதால்தான் அந்த எண் அங்கே நிற்கிறது. ஒருநாள் அது மறுபடி ஏறத் தொடங்கினால், முதலில் டெஸ்டோஸ்டீரோன் அளவைப் பாருங்கள். 50க்கு மேல் இருந்தால் ஊசியில் கோளாறு. கீழே இருந்தும் பிஎஸ்ஏ ஏறினால் குறைந்த ஹார்மோனிலும் வளர நோய் பழகிவிட்டது என்று பொருள். அப்போதும் ஹார்மோன் அடக்கத்தை விடாமல், அதன்மேல் வேறு மருந்தைச் சேர்ப்பார்கள். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பயன்படும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. பரவிய நோய்க்கு அந்த மரபணுச் சோதனையைச் செய்வது நல்லது, மாற்றம் இருந்தால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எது அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அபிராடெரோனை இந்திய நிறுவனங்கள் பலவும் தயாரிப்பதால் விலையில் பெரிய வேறுபாடு இருக்கும், மருத்துவரிடம் கூச்சப்படாமல் விலை குறைந்ததைக் கேளுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். சிகிச்சையைத் தொடங்கிய பிறகு இரத்தப் பரிசோதனைகளை இராமநாதபுரத்திலேயே செய்துகொண்டு, முடிவுகளை மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் பயணம் பாதியாகக் குறையும்.

அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது பற்றி. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து அவருடையது, பெயரை மறைத்து அதை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஊசியானாலும் எதற்காக என்று தெரியாதவர் வலி நின்றதும் வருவதை நிறுத்திவிடுவார். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துச் சென்று உட்காரவைத்து, மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். முதல் ஊசிக்கு முன் எடுத்த பிஎஸ்ஏ, டெஸ்டோஸ்டீரோன், ஹீமோகுளோபின், சர்க்கரை, கல்லீரல், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகளையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எந்த ஊரில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.